காவலுக்கு வந்தவர்கள் எழுதிவைத்தது

1928-ல் கிழக்குப் பாரசீகத்தின் சீஸ்தான்–காயின் பகுதிக்கு இருந்த பிரிட்டிஷ் கான்சல், பெயருக்குத்தான் லண்டனின் பிரதிநிதி. அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது டெல்லியில் இருந்த இந்திய அரசின் வெளியுறவு–அரசியல் துறை. புஷேர், கெர்மான், சீஸ்தான், மஷ்ஹத் என்று அந்தப் பக்கத்துக் கான்சலேட்டுகள் பலவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். வாசலில் குதிரையோடு நின்ற காவலர்கள், மருந்து கொடுத்த உதவி டாக்டர், கணக்கெழுதிய குமாஸ்தா என்று உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பாரசீகத்தின் ஒரு மூலையில் நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தது போல இருந்திருக்கும்.

அவர்கள் அங்கே இருந்ததற்கு முக்கியக் காரணம்: ரஷ்யா. குராசான் வழியாக ரஷ்யர்கள் இறங்கினால் பலுசிஸ்தான், பலுசிஸ்தானைத் தாண்டினால் இந்தியா என்ற பயம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. 1917-க்குப் பிறகு ஜார் போய் போல்ஷெவிக்குகள் வந்தார்கள். பயத்தின் பெயர் மாறியதே ஒழிய பயம் மாறவில்லை. எல்லைக்கு அப்பால் யார் நடமாடுகிறார்கள், எந்த ஆளுநர் யாரோடு விருந்து சாப்பிட்டார் என்று பார்த்து எழுதுவதே கான்சலின் முதல் வேலை.

அப்படி எழுதப்பட்ட நாட்குறிப்புகளும் கடிதங்களும் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தப்பட்டு லண்டனில் அடைந்து கிடந்தன. இப்போது அவற்றில் பலவற்றைக் கத்தார் நாட்டின் மின்நூலகம் பொதுவில் வைத்திருக்கிறது. சென்னையில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, பல இரவுகள் அவற்றைப் படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறைத்தது. எதைக் கண்காணிக்க வந்தார்களோ, அதைப் பற்றி எழுதிய பக்கங்கள் இன்று உயிரற்றுக் கிடக்கின்றன. நடக்கவே நடக்காத படையெடுப்புகள், பொய்த்துப்போன வதந்திகள். பக்கத்தை நிரப்புவதற்காகப் போகிறபோக்கில் எழுதிய கோதுமை விலை, ஆற்றில் தண்ணீர் வந்த நாள், தேயிலை மீது போட்ட வரி, தறிக்கொட்டகைக் குழந்தைகள் ஆகியவைதான் இன்றைக்கும் பேசுகின்றன.

இந்தக் கான்சல்களில் கிளார்மாண்ட் ஸ்க்ரைன் மீது எனக்குத் தனிப் பிரியம். இந்திய சிவில் சர்வீஸ்காரர். முதல் உலகப் போரின்போது கெர்மானில் இருந்தார். 1920-களின் தொடக்கத்தில் காஷ்கரில் கான்சல் ஜெனரல். அந்தப் பத்தாண்டின் இறுதியில் சீஸ்தான். இரண்டாம் உலகப் போரின்போது மஷ்ஹத். இடையில், 1930-களின் பிற்பகுதியில், சென்னை மாகாணத்துச் சமஸ்தானங்களின் ரெசிடெண்டாகவும் இருந்திருக்கிறார். திருவிதாங்கூரும் கொச்சியும் புதுக்கோட்டையும் அப்போது அவர் பொறுப்பில் இருந்தன. 1962-ல் வெளிவந்த ‘ஈரானில் உலகப் போர்’ என்ற அவருடைய புத்தகத்தைப் படித்த பிறகுதான் அந்த ஊர்களை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கெர்மானுக்கு நான் போனது வசந்த காலத்தில். பாலைவனத்தின் ஓரத்து ஊர், நல்ல உயரம், காலைக் காற்றில் குளிர் இருந்தது. கஞ்சலி கான் கடைத்தெருவின் வளைந்த கூரைக்கு அடியில் நடந்தால் செம்பு தட்டும் சத்தம் கேட்கிறது. இங்கே 1890-களில் முதல் கான்சலேட்டைத் திறந்தவர் பெர்சி சைக்ஸ். 1916-ல் தெற்குப் பாரசீகத் துப்பாக்கிப் படையைத் திரட்ட வந்தவரும் அவரே. அந்தக் காலத்துக் கெர்மான் என்றால் கம்பளம். ஐரோப்பியக் கம்பெனிகளும் உள்ளூர் வியாபாரிகளும் பணத்தைக் கொட்டினார்கள், லண்டனிலும் நியூயார்க்கிலும் கூடங்களில் கெர்மான் கம்பளம் விரிந்தது. அதை முடிந்தவை சின்னச் சின்ன விரல்கள். முடிச்சு நெருக்கமாக விழ வேண்டுமானால் குழந்தையின் விரல்தான் தோது என்பது அன்றைய வியாபார நியாயம்.

தறிக்கொட்டகைகள் பெரும்பாலும் நிலத்துக்குள் பாதி புதைந்தவை, ஈரம் கசிபவை. பெண் குழந்தைகள் ஆறேழு வயதிலிருந்தே குறுகிய பலகையில் கால் மடித்து உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்கள். வடிவத்தை ஒருவர் ராகமாகப் படிக்க, மற்றவர்கள் அதற்கேற்பக் கை ஓட்டுவார்கள். கொட்டகைக்கு வெளியே நின்று கேட்ட வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அந்த ராகம் இனிமையாக இருந்ததாம். உள்ளே வெளிச்சமும் சத்துணவும் இல்லாமல் எலும்பு வளைந்தது. இடுப்பெலும்பு சுருங்கிப்போன அந்தப் பெண்கள் பதினைந்து பதினாறு வயதில் பிரசவத்துக்கு வந்தபோது குழந்தை வெளியே வர வழியில்லை. சர்ச் மிஷனரி சொசைட்டி ஆஸ்பத்திரியில் 1903 முதல், 1937-ல் டைஃபஸ் காய்ச்சலில் இறக்கும்வரை வேலை பார்த்த டாக்டர் டாட்ஸன் போன்றவர்கள் கத்தியை எடுத்துத்தான் பல தாய்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அப்போதுதான் பிறந்திருந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் காதுக்கு இது போனது. 1923 டிசம்பரில் கெர்மான் ஆளுநர் ஓர் உத்தரவு போட்டார். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. எட்டு வயதுக்குக் கீழே ஆண் பிள்ளைகளும் பத்து வயதுக்குக் கீழே பெண் பிள்ளைகளும் தறியில் உட்காரக் கூடாது. ஈரக் கொட்டகையும் நிலவறையும் கூடாது. பத்து வயதுப் பெண் தறியில் உட்காரலாம் என்பதை முன்னேற்றமாக வாசிக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நிலையோடு வைத்துப் பார்த்தால் அது முன்னேற்றம்தான். உத்தரவு எத்தனை கொட்டகைக்குள் இறங்கியது என்பது வேறு விஷயம். கண்காணிப்பு இல்லாத சட்டம் கடைத்தெரு வாசலோடு நின்றுவிடும்.

கெர்மானில் ஒரு கம்பளக் கடைக்காரர், எழுபதைத் தாண்டியவர், எனக்குத் தேநீர் கொடுத்துப் பழைய கம்பளம் ஒன்றை விரித்துக் காட்டினார். நான் விலை கேட்கவில்லை, யார் நெய்தது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் அம்மா சிறு வயதில் தறியில் உட்கார்ந்தவர் என்றும், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தேதான் நடப்பார் என்றும் சொன்னார். அந்தக் கம்பளத்தை விற்கப்போவதில்லையாம். இன்று பழைய கெர்மான் கம்பளம் ஒன்று ஐரோப்பாவில் ஏலத்துக்கு வந்தால் அட்டவணையில் முடிச்சு எண்ணிக்கை இருக்கும், சாயம் பற்றிய குறிப்பு இருக்கும், கம்பெனியின் பெயர்கூட இருக்கும். முடிச்சுப் போட்டவளின் பெயர் இருக்காது. கான்சல் நாட்குறிப்பிலும் நான் தேடிப் பார்த்துவிட்டேன், அங்கேயும் இல்லை. ஆளுநர்களுக்கும் கான்களுக்கும் பெயர் உண்டு, இவர்கள் வெறும் ‘நெசவாளர்கள்’.

அந்த நாட்குறிப்புகளில் இன்றும் பேசும் இன்னொரு விஷயம் தேயிலையும் சர்க்கரையும். பாரசீக ஏழைக் குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாட்டில் ரொட்டிக்கு அடுத்த இடம் இவற்றுக்கு. கூம்பாக வார்த்த சர்க்கரையை உடைத்து, ஒரு துண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சுவார்கள். 1925-ல் இவை இரண்டும் அரசு ஏகபோகமாயின. ‘மன்’ என்ற அன்றைய எடைக்கு, அதாவது மூன்று கிலோ சர்க்கரைக்கு, பாரசீக நாணயத்தில் இரண்டு கிரான், அதே எடைத் தேயிலைக்கு ஆறு கிரான் வரி. அந்தப் பணத்தில் அன்றைய மன்னர் ரேஸா ஷா ரயில் பாதை போட்டார். 1927-ல் தொடங்கி 1938-ல் முடிந்த, 1,394 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை வடக்கே காஸ்பியன் கரையிலிருந்து தெற்கே வளைகுடா வரை ஓடியது. வெளிநாட்டுக் கடன் ஒரு காசு வாங்காமல் முடித்தார்கள் என்பது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டியது. அதன் சுரங்கங்களையும் பாலங்களையும் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். 2021-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் வரி கட்டிய கெர்மான்காரனுக்கோ சீஸ்தான்காரனுக்கோ அந்த ரயிலின் புகைகூடத் தெரியவில்லை. மஷ்ஹத்துக்கு ரயில் வர 1957 ஆயிற்று. கெர்மானுக்கு 1970-கள். ஜாஹிதான் கதை இன்னும் விசித்திரம். முதல் உலகப் போரை ஒட்டி, படைகளுக்குச் சாமான் அனுப்புவதற்காகக் குவெட்டாவிலிருந்து நுஷ்கி வழியாக இந்திய ரயில்வே பாலைவனத்தைத் தாண்டி வந்து நின்ற ஊர் அது. அப்போது அதற்கு துஸ்தாப் என்று பெயர். ரயிலோடு சீக்கிய வியாபாரிகளும் ஓட்டுநர்களும் வந்தார்கள். அவர்களுடைய குருத்வாரா இன்றும் அங்கே இருக்கிறது. ஈரானுக்குள் இருக்கும் இந்த ஊரிலிருந்து குவெட்டாவுக்கு ரயில் பாதை இருந்தது, தெஹ்ரானுக்கு இல்லை. இப்படியே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. 2009-ல்தான் பாம் வழியாக ஈரானின் சொந்தப் பாதை அங்கே வந்து சேர்ந்தது. இரண்டு பாதைகளின் அகலமும் வேறு வேறு என்பதால், ஒரு ரயிலின் சரக்கை இறக்கித்தான் இன்னொன்றில் ஏற்ற வேண்டும்.

பணத்தின் கதையும் அப்படியே. 1889-ல் தொடங்கிய, பிரிட்டிஷ் முதலாளிகளின் ‘இம்பீரியல் பாங்க் ஆஃப் பெர்ஷியா’தான் 1930 வரை நாட்டின் நோட்டை அச்சடித்தது. ஒவ்வொரு நோட்டின் மேலும் எந்த ஊரில் பணமாக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். கெர்மான் நோட்டை மஷ்ஹத்தில் நீட்டினால் முழு மதிப்புக்கு உத்தரவாதமில்லை. ஒரு தேசத்தின் மாகாணங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ரேஸா ஷா இந்தத் தூரத்தை இரும்புக் கையால் சுருக்கினார். 1925-ல் பட்டங்களை ஒழித்து, எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். 1928 இறுதியில் போட்ட சட்டத்தால் ஆண்களுக்குப் பஹ்லவி தொப்பி, 1935-ல் அதுவும் போய் விளிம்பு வைத்த ஐரோப்பியத் தொப்பி. விளிம்பு இருந்தால் தொழுகையில் நெற்றி தரையைத் தொடாது என்று மக்கள் கொதித்தார்கள். அந்த ஜூலையில் மஷ்ஹத்தில் இமாம் ரேஸா தர்காவை ஒட்டிய கௌஹர்ஷாத் மசூதிக்குள் கூடியவர்களைப் படை சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

1936 ஜனவரி 8 அன்று பெண்களின் பர்தாவை விலக்கும் உத்தரவு வந்தது. தெஹ்ரானில் படித்த பெண்கள் சிலர் அதை மனதார வரவேற்றார்கள், அதை மறுக்க முடியாது. மாகாண ஊர்களில் அதிகாரிகள் மனைவியரை முக்காடில்லாமல் விருந்துக்குக் கூட்டிவந்தே ஆக வேண்டும் என்று கட்டளை. தெருவில் போலீஸ்காரன் கிழவிகளின் தலைத்துணியைப் பிடுங்கினான். மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் இருந்தார்கள். மாடிக்கு மாடி தாண்டி, இருட்டில் பொதுக் குளியலறைக்குப் போனார்கள். 1941-ல் ஷா போனதும் பலர் மறுபடியும் போர்த்திக்கொண்டார்கள்.

1979 புரட்சிக்குப் பிறகு, அதே தெருக்களில், தலையை மூடாத பெண்ணை நிறுத்தியது இன்னொரு போலீஸ். 1983-ல் அது தண்டனைச் சட்டமாயிற்று, கசையடி வரை. 2022 செப்டம்பரில் தலைத்துணிக்காகப் பிடிக்கப்பட்ட மஹ்ஸா அமினி காவலில் இறந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் தலைத்துணியைக் கழற்றிக் கொளுத்தினார்கள். பாட்டியின் தலையிலிருந்து பிடுங்கியதைப் பேத்தியின் தலையில் கட்டாயமாகக் கட்டினார்கள். இரண்டு முறையும் அவர்களைக் கேட்கவில்லை. அன்றைய அறிக்கைகளை எழுதியவர்கள், கட்டளை போட்டவர்கள், மசூதியில் எதிர்த்துப் பேசியவர்கள் எல்லோரும் ஆண்களே. அந்தப் பாட்டி தன் வாயால் என்ன சொன்னாள் என்பதைத் தேடித்தான் நான் இந்தக் கோப்புகளுக்குள் மீண்டும் மீண்டும் போகிறேன்.

காயின் பகுதியைச் சேர்ந்த பிர்ஜந்தில் மனம் கொஞ்சம் இளகியது. அந்தப் பகுதியை ஆண்ட அமீர் ஷௌகத் உல்-முல்க் கான்சல்களுக்கு நெருங்கிய நண்பர். இந்தியாவின் எல்லைக்கு இந்தப் பக்கம் நம்பகமான ஆள் என்பது அவர்கள் கணக்கு. ஊருக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கணக்கில் அடங்காது. 1907-ல் அவர் திறந்த ஷௌகத்தியா பள்ளி, ஈரானின் ஆரம்பகால நவீனப் பள்ளிகளில் ஒன்று. பட்டங்கள் ஒழிக்கப்பட்டபோது குடும்பம் ஆலம் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அவர் மகன் அசதுல்லா ஆலம் 1960-களில் பிரதமராகவும் பிறகு அரண்மனை அமைச்சராகவும் ஆனார். அமீரின் அக்பரியா தோட்டம் இப்போது மக்கள் வந்துபோகும் இடம். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஒன்பது பாரசீகத் தோட்டங்களில் அதுவும் ஒன்று. நான் போன மாலையில் பைன் மர வரிசைக்கு நடுவே கல்லூரிப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் கான்சலும் அமீரும் மட்டும் நடந்த பாதை.

1941 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனும் சோவியத் யூனியனும் சேர்ந்து ஈரானுக்குள் நுழைந்தன. எந்த ரஷ்யன் வந்துவிடக் கூடாது என்று இத்தனை கான்சல்கள் இத்தனை ஆண்டுகள் காவல் காத்தார்களோ, அவனைக் கூட்டாளியாக்கிக்கொண்டு வந்தார்கள். ஏழைகளின் தேயிலைக் காசில் போட்ட அந்த ரயில் பாதை, சோவியத்துக்கு ஆயுதம் கொண்டுபோகும் வழியாயிற்று. ஷா செப்டம்பர் 16 அன்று முடி துறந்தார். இஸ்ஃபஹான், யஸ்த் வழியாக அவர் தெற்கே வந்து கெர்மானில் தங்கிய ஹரந்தி வீடு இன்று அருங்காட்சியகம். பந்தர் அப்பாஸிலிருந்து குடும்பத்தோடு ‘பந்த்ரா’ என்ற கப்பலில் ஏறினார். பம்பாயில் இறங்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார். பம்பாய்க்கு வெளியே கடலிலேயே கப்பலை நிறுத்தி, இந்திய அரசின் சார்பில் ஒருவர் ஏறிவந்து, இறங்க அனுமதி இல்லை, மொரீஷியஸுக்குப் போக வேண்டும் என்று சொன்னார். அவர்தான் ஸ்க்ரைன். பாரசீக மொழி தெரிந்தவர், அந்த மாகாணங்களை அறிந்தவர் என்பதால் பொறுப்பு அவருக்கு வந்தது. இன்னொரு கப்பலுக்கு மாற்றி மொரீஷியஸ்வரை அவரே கூடப் போனார். மாகாணங்களையெல்லாம் அதட்டி ஒன்றாக்கிய மனிதர், தெரியாத ஒரு தீவுக்கு, தன் நாட்டு மூலைகளில் இருந்து பழகிய ஒரு பழைய கான்சலின் காவலில் போனார். 1944 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். ஷாவின் அடக்குமுறையை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கப்பல் பக்கங்களைப் படிக்கும்போது, ஒரு தேசத்தின் தலைவரை இப்படி ஒரு மூட்டை போல இடம் மாற்றும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது என்ற கோபம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

1952 ஜனவரியில் பிரதமர் மொசாதெக்கின் அரசு பிரிட்டிஷ் கான்சலேட்டுகள் அத்தனையையும் மூடச் சொன்னது. மூடினார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்ட கோடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அவற்றில் மிகக் கொடுமையானது சீஸ்தானின் தண்ணீர்க் கோடு.

ஆப்கானிஸ்தானின் மலைகளில் பிறக்கும் ஹெல்மந்த் ஆறு, சீஸ்தானில் ஹாமூன் ஏரிகளாய்ப் பரவி முடிகிறது. கடலைச் சேராத ஆறு. நல்ல வருடங்களில் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் தண்ணீர். நாணல் காடு, வாத்துக் கூட்டம், நாணலைக் கட்டிச் செய்த ‘தூத்தின்’ படகுகளில் மீன் பிடிக்கும் வேடர் குடும்பங்கள், நாணல் தின்று கொழுத்த மாடுகள். நடுவில் தீவு மாதிரி எழும்பும் குவாஜா மலை. அதன் இடிபாடுகளில் 1915-ல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் பழைய சுவர் ஓவியங்களைக் கண்டார். ஸ்க்ரைன் சீஸ்தானில் இருந்த காலத்தை ஒட்டி இன்னொரு தொல்லியலாளர் ஹெர்ஸ்ஃபெல்டும் வந்து தோண்டினார். கோடையில் 120 நாள் காற்று வீசும். அந்தக் காற்று ஏரி மேல் ஓடிவந்து, ஈரத்தோடு வீட்டுச் சன்னலுக்குள் நுழையும். அன்றைக்கு வெள்ளைக்காரர்களின் குறை வெள்ளமும் கொசுவும் கடிக்கிற ஈயும்தான்.

1872-ல் கோல்ட்ஸ்மிட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பாரசீகத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவே எல்லை வகுத்தார். ஆறு இடம் மாறியதால் 1903-ல் மக்மஹோன் வந்து இரண்டு வருடம் அளந்தார். பந்தர்-எ-கமால் கான் என்ற இடத்தில் வந்து சேரும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு பாரசீகத்துக்கு என்று 1905-ல் தீர்ப்புச் சொன்னார். பாரசீகம் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு கான்சலின் மேசையிலும் இந்தத் தண்ணீர்ச் சண்டை ஒரு கோப்பாகக் கிடந்தது.

இப்போது ஹாமூன் பெரும்பாலான வருடங்களில் வெடித்த களிமண். 1990-களின் கடைசியில் தொடங்கிய வறட்சிக்குப் பிறகு ஏரி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆப்கானிஸ்தானில் 1950-களில் கட்டிய கஜாக்கி அணை, பெருகிய பாசனம், இரு நாட்டு அரசுகளின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்த விளைவு. அதே 120 நாள் காற்று இன்று காய்ந்த ஏரிப்படுகையின் மண்ணை அள்ளிவந்து ஜாபுல் நகரத்தில் கொட்டுகிறது. உலகிலேயே மிக மோசமான காற்று உள்ள ஊர்களின் பட்டியலில் ஜாபுல் இடம்பெற்றிருக்கிறது. வேடர் குடும்பங்களில் பலர் வடக்கே கொர்கான் பக்கம் போய்க் கூலி வேலை செய்கிறார்கள். கரை ஓரத்தில் மணலில் பாதி புதைந்த வீடுகளைப் பார்த்தேன். கதவுக்கு முன்னால் மண் ஏறி நிற்கிறது. அங்கே எனக்கு வழிகாட்டிய இளைஞர், தன் தாத்தா படகு கட்டுவார் என்றார். இவர் ஏரியில் தண்ணீர் நிறைந்து பார்த்ததே இல்லை.

1973-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன: சராசரி வருடத்தில் ஈரானுக்கு நொடிக்கு 22 கன மீட்டர், நல்லெண்ணமாக மேலும் 4. ஹாமூன் ஏரிக்கென்று அதில் தனிப் பங்கு எதுவும் இல்லை. 2021-ல் ஆப்கானிஸ்தான் ஒரு புதிய அணையைத் திறந்தது. இடம், மக்மஹோன் பங்கு பிரித்த அதே கமால் கான். 2023 மே மாதம் இரு பக்கத்துக் காவலர்களும் எல்லையில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள், உயிர்கள் போயின. பேச்சுவார்த்தைக் குழுக்கள் இன்றும் நதியின் அளவை வைத்தே வாதாடுகின்றன. தண்ணீர் எந்த வருடம் எந்த மாதம் வந்தது, எவ்வளவு உயரம் ஏறியது, எந்தக் கிராமம் மூழ்கியது என்பதெல்லாம் அந்தப் பழைய நாட்குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது. ஜாபுலிலோ பிர்ஜந்திலோ இருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது அவற்றை வரிசைப்படுத்தி, ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது என்று ஒரு கணக்கை எழுத வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் ஏரியின் பங்கையும் யாராவது கேட்டாக வேண்டும்.